பதில் சொல்லப்போவது என் மகள்

லவால், கனடா
சனிக்கிழமை பின்னேரம்

அன்பு மகள் றெபேக்காவுக்கு,

முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் ஏசுவதற்குத் தயாராக இருக்கும்போது, இப்போது உங்களோடு கதைக்கப் போவது என் மகள் என்று ஒரு தாயின் குரல் கேட்டால், அவர் ஏசாமல் விடுவாரா? இரண்டு கிழமையாக இதையே யோசிக்கிறேன், எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். அப்பாவின் முழங்கால் படிக்கட்டில் மட்டும் கொஞ்சம் முறைப்பாடு செய்கிறது, சமதரையில் ஒன்றும் சொல்வதில்லை. தம்பி றொசானுக்குச் சோதனை முடிந்துவிட்டது, எப்படி எழுதினாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான், அது நல்ல செய்தி என்று எடுத்திருக்கிறோம். நீயும் சியோலில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருக்கிறாய் என்று எழுதாமல் நம்புகிறேன் என்று எழுதுவது, நீ இரண்டு ஞாயிறாகத் தொலைபேசி எடுக்காததால்தான். நான் எதை அனுப்பினாலும் பெருவிரல் படம் ஒன்று வருகிறது. பெருவிரலில் இருந்து ஒரு பிள்ளை சாப்பிட்டதா, நித்திரை கொண்டதா என்று எந்தத் தாயாலும் கண்டுபிடிக்க முடியாது. தொலைபேசியில் கதைத்தால் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் முடிக்க விடமாட்டோம், ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ ஏற்றிக்கொண்டு போனது இன்றைக்கு உதவுகிறது, மெதுவாக வாசி.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் விளங்கினேனா என்று பார். உன் கம்பனி முகத்துக்குப் பூசும் கிறீம் விற்கிறது. பிரெஞ்சு பேசும் நாடுகளில் வாங்கியவர்கள் முறைப்பாடு செய்ய எடுக்கும் அழைப்புகளுக்கு நீயும் இன்னும் சிலரும் அங்கே இருந்து பதில் சொல்கிறீர்கள். ஏச்சு அதிகமாகிவிட்டதால், அழைப்பு உங்களுக்கு வருவதற்கு முன்பு, பதில் சொல்லப் போகிறவரின் வீட்டார் ஒருவரின் குரலை வாடிக்கையாளருக்குக் கேட்க வைக்கப் போகிறார்கள். சிலரின் வீட்டுக் குரல் ஏற்கனவே போகிறது. உனக்கு என் குரல் வேண்டும், வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும், தராவிட்டால் யாரோ ஒரு நடிகையின் குரலைப் போட்டுவிடுவார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன், நீ, விடுங்கோ அம்மா, உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் விடுங்கோ, என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் விருப்பமில்லை என்று சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்க வேண்டும் என்றுதான் என் அகராதியில் அர்த்தம்.

இந்தத் தொழிலைப் பற்றி எனக்கும் ஓரளவு தெரியும், பிள்ளை. பொருளியல் படித்துவிட்டு வந்து, மின்சாமான் கடையில் பொருட்களைத் திருப்பி எடுக்கும் கவுண்டரில் இவ்வளவு காலம் நிற்கிறேன். போன்சூர் என்று வணக்கம் சொல்லும் விதத்திலேயே ஆள் சண்டைக்கு வருகிறாரா, வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும். போன மாதம் ஒருவர் கோப்பி மெசின் ஒன்றைக் கொண்டுவந்து, நேற்றுத்தான் வாங்கினேன் என்றார், உள்ளே கோப்பித்தூள் மெசினுக்கே ஒரு தோல் போலப் பிடித்திருந்தது. எங்கள் கடைச் சுவரில், நீங்கள் எங்கள் குடும்பம், என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அவர் அதைக் கையால் காட்டி, குடும்பம் எண்டு போட்டிருக்கிறியள், பில் கேக்கிறியள், என்ற பொருளில் பிரெஞ்சில் கத்தினார். அந்த ஒரு விடயத்தில் அவர் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது. விற்பதற்காகக் குடும்பம் என்ற சொல்லை எடுத்தால், திருப்பிக் கொண்டுவரும்போதும் அந்தச் சொல்லோடுதான் வருவார்கள். அதனால்தான் உன் கம்பனியின் யோசனையைக் கேட்டதும் நான் உடனே ஓம் சொல்லவில்லை.

நீ போன புதிதில் அந்த ஊர்க் கதைகளைச் சொல்லும்போது நான் நம்பாமல் சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். படுக்கப் போகும்போது தொலைபேசியில் கேட்ட முட்டை விடிவதற்கு முன் கதவடியில் இருக்குமாம், ஒன்று உடைந்திருந்தால் படம் எடுத்து அனுப்பினால் போதுமாம், ஒரு கேள்வியும் இல்லாமல் முழுத் தட்டும் திரும்ப வருமாம். ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா. கிறீம் டப்பி ஒன்று வாங்கினால் அதைவிடப் பெரிய பையில் மாதிரிச் சாமான்கள். நீ சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது கோப்பிக் கடைப் பிள்ளைகள் ஆட்களுக்கு மட்டும் அல்லாமல் கோப்பிக்கும் மரியாதை கொடுத்துக் கதைப்பது. கோப்பி வந்திருக்கிறார் என்று சொல்வது போல என்று நீ விளங்கப்படுத்தினாய். அப்பா ஒரு கிழமையாகக் காலையில், தேத்தண்ணி எழுந்தருளி இருக்கிறாரோ, என்று கேட்டுக்கொண்டு வந்தார், நான் கோபித்த பிறகுதான் நிறுத்தினார். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகு நான் யோசித்தது, கோப்பியையே அவர் என்று அழைக்கப் பழக்கியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளைகளை யார் என்ன பாடுபடுத்தியிருப்பார்கள் என்பதைத்தான். வாங்குகிறவர் அரசர் என்று ஒரு கடை சொன்னால், அங்கே வேலை செய்கிறவர் யார் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. உன்னை ஒருவர், உன் நாட்டுக்குப் போ, என்று ஏசியதும், நீ மரியாதையாக, எந்த நாட்டுக்கு ஐயா, என்று கேட்டதும் எனக்குத் தெரியும், நீ சொல்லவில்லை, தம்பி சொன்னான். மொன்றியலில் பிறந்து கொரியாவில் இருந்து கதைக்கும் பிள்ளை அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் அன்றைக்கு நீ கழிவறையில் போய் அழுததையும் அவன் சொன்னான். அதைக் கேட்ட பிறகு எனக்குக் கோப்பிப் பகிடி பிடிக்கவில்லை.

உன் ஊர் வாடிக்கையை நேரில் பார்க்க வேண்டும் என்று கௌரி அன்ரியோடு போன கிழமை சேர்புறூக் வீதியில் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கௌரியை உனக்குத் தெரியும், புரோசார்ட்டில் இருந்து பாலம் கடந்து வந்து அந்த நாட்டுத் தொடர் நாடகங்களைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்கிறவ, இப்போது முகத்துக்கு ஏழோ எட்டோ பூச்சுப் பூசுகிறா. மேசையில் ஒரு மணிப் பொத்தான் இருந்தது, அழுத்தியதும் ஒரு பெண் ஓடிவந்தா, எனக்கு அது கூச்சமாக இருந்தது, கௌரி இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தா. சாப்பாடு வந்த பிறகு அந்தப் பெண் ஒரு மண்சட்டியில் அவித்த முட்டை கொண்டுவந்து வைத்து, சேர்விஸ், என்றா. நாங்கள் அதைக் கேட்கவில்லை. இங்கே பில்லில் சேர்விஸ் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், பரிமாறுகிறவருக்கு நாங்கள் மேலதிகமாகக் கொடுக்க வேண்டிய ரிப்ஸ் காசு. முட்டையை வைத்துவிட்டு ரிப்ஸ் கேட்கிறா என்று நினைத்து, சேர்விஸ் கடைசியில்தான் தருவோம், முதலில் சாப்பிட விடுங்கள், என்று நான் பிரெஞ்சில் உறுதியாகச் சொன்னேன். அவ பயந்துபோய் இன்னும் குனிந்து, சேர்விஸ், சேர்விஸ், என்றா. நானும் விடாமல், கடைசியில், கடைசியில், என்றேன். கௌரி மேசைக்குக் கீழே என் காலில் உதைத்தா. என்னப்பா செய்யிறீர், அவ காசு கேக்கேல்லை, சும்மா தாறா, அவையின்ரை ஊரிலை சேர்விஸ் எண்டால் கடை சும்மா தாற சாப்பாடு, என்றா. ஏன் எங்களுக்கு மட்டும் என்று கேட்டேன், பக்கத்து மேசைக்கு வைக்கவில்லை. உம்மடை முகத்தைப் பாத்துப் பயந்திருப்பா, என்றா கௌரி.

ஒரே சொல்லை இங்கே நாங்கள் கொடுக்க வேண்டியதற்கும் அங்கே கடை கொடுப்பதற்கும் வைத்திருக்கிறார்கள். அந்த முட்டையின் விலை மற்றச் சாப்பாடுகளின் விலைக்குள் இருக்கிறது என்பதைப் பொருளியல் படிக்காதவருக்கும் விளங்கும். நானும் அது தெரிந்தபடியேதான் சாப்பிட்டேன், தெரிந்தும் முட்டை ருசியாக இருந்தது, அந்தப் பெண் தூரத்தில் நின்று நான் சாப்பிடுகிறேனா என்று பார்த்ததும் பொய் இல்லை. விற்பனைத் தந்திரமும் உண்மையான கவனிப்பும் ஒரே சட்டியில் இருக்கலாம் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு மேல் என்னை இழுக்காதே.

இனி உன் விடயம். என் பிரெஞ்சு உச்சரிப்பைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை, பாரிஸில் இருக்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும், சிரிக்கிறவர் ஏசமாட்டார். எனக்குத் தடையாக இருப்பது கம்பனி எழுதித் தந்த வசனம். உலகத்தில் எல்லாவற்றையும் விட நான் நேசிக்கும் என் அருமை மகள் இப்போது உங்களுடன் கதைப்பாள், என்று நான் சொல்ல வேண்டுமாம். பிள்ளை, இந்த வசனத்தை நான் உனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை, குளிருக்குத் தொப்பி போடு என்போம், வந்து சேர்ந்ததும் எடு என்போம், அதிலேயே எல்லாம் அடங்கிவிடும் என்று இருந்துவிட்டோம். அதை முதல் தரமாகச் சொல்லும்போது, டப்பி மூடி உடைந்துவிட்டது என்று கோபத்தோடு காத்திருக்கும் ஒரு அந்நியருக்கா சொல்ல வேண்டும்? இதுதான் என் யோசனை, உச்சரிப்பும் இல்லை, விருப்பமின்மையும் இல்லை.

இன்னொன்று. ஒரு கம்பனி தன் வேலையாட்களைக் காப்பதற்குத் தாய்மாரிடம் குரல் கேட்கிறது என்றால், தான் செய்ய வேண்டியதையும் செய்ய வேண்டும். இரண்டு தரம் எச்சரித்துவிட்டு அழைப்பைத் துண்டிக்கலாம் என்று உங்களுக்கு அனுமதி இருப்பதாக நீ ஒருமுறை சொன்னாய். நீ இதுவரை ஒருவரைக்கூடத் துண்டிக்கவில்லை என்று நினைக்கிறேன். துண்டி. என் குரல் ஓரளவுதான் வேலை செய்யும், துண்டிக்கும் பொத்தான் முழுதாக வேலை செய்யும். நல்ல மரியாதையோடு எச்சரி, இரண்டாம் தரமும் அதே குரலில் எச்சரி, பிறகு யோசிக்காமல் வை. என் கவுண்டரில் நான் அப்படித்தான், மனேஜர் வந்து என்ன சொன்னாலும் என் குரல் உயர்ந்ததாக யாரும் எழுதித் தர முடியாது. நீ என்னைவிடக் கெட்டிக்காரி. இந்த வேலையை விடுவதானால் உனக்கு வேறு வேலை பிடித்ததால் விடு, யாரோ ஒருவர் கத்தியதால் விடாதே.

நாளைக்குத் தமிழ்ப் பூசைக்குப் போவோம், உனக்காக மன்றாடுவேன், உன் கம்பனிக்காக இல்லை. நீ அனுப்பிய கிறீமின் பம்ப் வேலை செய்யவில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் நூடில்ஸில் நாளைக் கடத்தாதே, அலுவலகக் கதிரையில் ஒரே இருப்பாக இருக்காமல் எழுந்து நட. மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும், உன் நாக்குக்குப் பொறுமையும் உன் விரலுக்குத் துணிவும் தரட்டும். பெருவிரல் அனுப்புவதை நிறுத்திவிட்டு எடு.

உன்னையே யோசித்துக்கொண்டிருக்கும்
அம்மா

ஞாயிற்றுக்கிழமை

நேற்று எழுதியதை அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், மற்றப் பாதியையும் நடந்தபடி எழுதிச் சேர்க்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அங்கே உங்களுக்குத் திங்கள் காலை, உன் கம்பனியின் பிரெஞ்சு இலக்கத்துக்கு நானே எடுத்தேன். பம்ப் வேலை செய்யவில்லை என்பது உண்மையான முறைப்பாடுதான். ஆனால் அதைக் கோப்பி மெசின் மனிதரைப் போலச் சொல்லிப் பார்க்க நினைத்தேன், அவருடைய வசனங்கள் எனக்கு மனப்பாடம். அப்பா தோடம்பழம் உரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஒரு சின்னப் பிள்ளையின் குரல் வந்தது. உங்களோடு கதைக்கப் போவது என்ரை அப்பா, அவர் குறட்டை விடுவார், ஆனால் நல்லவர், என்று பிரெஞ்சில் சொன்னது. பிறகு அந்த அப்பா வந்து போன்சூர் சொன்னார். நான் ஆயத்தப்படுத்திய முதல் வசனம் வாயில் வரவில்லை. பம்ப் மேலே வருகுதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டேன், மன்னிக்க வேண்டும் என்றும் சேர்த்தேன், ஏன் என்று தெரியாது. இடப்பக்கம் திருப்பச் சொன்னார், பூட்டுத் திறந்து கிறீம் வந்தது. மெர்சி என்று நன்றி சொல்லி வைத்தேன். உன் அப்பா, இஞ்சை பாரும், உம்மடை கோபம் எங்கை போனது, குறட்டைக்குப் பயந்திட்டீரோ, என்று கேட்டுச் சிரித்தார். ஒருத்தியை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்றேன். அந்த ஒருத்தி நான் என்பதால் குரலைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

அவரை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, குசினிக் கதவைச் சாத்தி, பிரெஞ்சில் ஒரே தரத்தில் பதிவு செய்தேன். வணக்கம், பதில் சொல்லப்போவது என் மகள், அவளுக்குத் தன் வேலை தெரியும். அவ்வளவுதான், அவர்கள் எழுதித் தந்தது அதில் இல்லை. உனக்கு அனுப்பினேன். நீ உடனே, அம்மா, இது தாயோ சுப்பவைசரோ, என்று எழுதினாய், கீழே சிரிப்பு முகங்கள், பெருவிரல் இல்லை. பிறகு நான் உன் சொந்த இலக்கத்துக்கு எடுத்தேன். நீ வேலைப் பழக்கத்தில், போன்சூர், உங்களுக்கு என்ன உதவி வேண்டும், என்றாய். நான் கம்பனி எழுதித் தந்த அந்த வசனத்தைத் தமிழில், கொஞ்சம் சுருக்கி, உனக்குச் சொன்னேன். மறுபக்கத்தில் யாரோ கதிரையை இழுத்தது கேட்டது. பிறகு நீ மெதுவாக, அம்மா, இது ரெக்கோட் ஆகுதோ, என்று கேட்டாய். இல்லை என்றேன்.