அப்பாவின் ஸ்வெட்டரை வெட்டிய கதை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அக்காவும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, டூட்டி இல்லாத நாளிலாவது ஒழுங்காகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் ஆரம்பிப்பதற்குள் உன் வார்டில் யாராவது மணி அடிப்பார்கள், நீ "அப்புறம் பேசறேம்மா" என்று ஓடிவிடுவாய், இது அப்படிப் பாதியில் விடக்கூடிய சமாச்சாரம் இல்லை. பதறாமல் படி. நீ அப்பாவுக்குப் பின்னி அனுப்பினாயே ஸ்வெட்டர், அதை நாங்கள் கத்தரிக்கோல் வைத்து வெட்டிவிட்டோம்.

பார்சல் வந்த அன்று உன் அத்தையும் இங்கேதான் இருந்தாள். சிகரெட்டை விடுவதற்காகத்தான் கைக்கு வேலை கொடுக்க ஊசியை எடுத்தாய், கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள் என்று நான் பெருமையாகச் சொன்னால், அவள் ஸ்வெட்டரை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு "கடையில வாங்கிட்டுக் கதை விடுறான், லேபிள் எங்கயாவது இருக்கா பாரு" என்கிறாள். அப்பா அதை வாங்கித் தலைவழியாக மாட்டிக்கொண்டார், அதோடு சரி, குளிக்கக்கூடக் கழற்ற மனசில்லை. ஆனால் கண்ணா, நீ கடைசியாக வந்துபோனபோது அப்பா இரண்டு காலில் நின்று உன்னை வழியனுப்பினார், அந்த அப்பாவை மனசில் வைத்தே நீ அளவு எடுத்திருக்கிறாய். கால் எடுத்த பிறகு நீ அவரை நேரில் பார்க்கவில்லையே, உன்மேல் என்ன தப்பு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் முன்பக்கம் மடியில் பந்தாகச் சுருண்டுகொள்கிறது, பின்பக்கம் முதுகுக்கடியில் மாட்டுகிறது, பக்கவாட்டில் இரண்டு பக்கமும் சக்கரம் வரை தொங்குகிறது. மறுநாளே அறையிலிருந்து வாசலுக்கு வரும்போது ஓரம் சக்கரத்தில் சிக்கி நாற்காலி சட்டென்று நின்றது, அவர் முன்னால் சாய, நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் "முதல்ல இதக் கழட்டுங்க" என்று கத்திவிட்டேன். அவர் ஓரத்தில் ஒட்டிய சக்கரக் கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "அவன் கணக்கு தப்பில்லடி, ஆளுதான் பாதியா உக்காந்துட்டான்" என்றார்.

தையற்கடையில் கொடுத்தால் அரை மணியில் வெட்டி ஓரம் அடித்துத் தருவான் என்றாள் அத்தை. அப்பா கேட்கவில்லை. "மெஷின்ல ஓட்டினா ஓரம் விறைச்சுப் போயிடும், அவன் கையால செஞ்சத நாமளும் கையாலதான் செய்யணும்" என்று ஒரே பிடிவாதம். செய்வது யார்? நான் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் கற்றதோடு சரி, நீ பிறந்தபோது ஒரு தொப்பி பின்னினேன், அது உன் தலையில் ஏறவே இல்லை, பொம்மைக்குத்தான் போட்டோம். அந்த லட்சணத்தில் இருக்கும் என்னை நம்பி உன் உழைப்பை எப்படி வெட்டுவது? ஒரு கண்ணி நழுவினால் போதும், மேலே கழுத்து வரை ஏணிப்படி மாதிரி அவிழ்ந்துகொண்டே போகுமே. இத்தனை வருஷம் லைன்மேனாக இருந்தவர் இல்லையா, அப்பாதான் வழி சொன்னார். டெலிபோன் கேபிளுக்குள் நூற்றுக்கணக்கில் கம்பி இருக்கும், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டுதான் வெட்டுவோம், பிடிக்காமல் எதையும் வெட்டக் கூடாது என்றார். காலையில் ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போடச் சொல்லி, கீழ்ப்பட்டைக்கு ஒரு சாண் மேலே ஒரே வரிசையாக, ஒரு கண்ணி விடாமல் மெல்லிய ஊசியில் கோத்து ஒரு சுற்று வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, சாப்பாடு ஆறுகிறது என்று கூப்பிட்டாலும் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாய் அவர் ஒரு வேலையில் அப்படி முங்கி நான் பார்க்கவில்லையடா.

வெட்டும் நேரத்தில் கத்தரிக்கோலை என்னிடம் நீட்டிவிட்டார். என் கை நடுங்குகிறது என்றேன். "நடுங்குற கைதான் நிதானமா வெட்டும், வெட்டு" என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அவள் வாய் மூடியிருந்ததை நான் பார்த்தது அன்றுதான். ஒரே ஒரு கண்ணியை நறுக்கினேன், அப்பா அந்த நூலை ஊசிமுனையால் கண்ணி கண்ணியாக உருவிக்கொண்டே வர, கீழ்ப்பட்டை ஒரு வளையமாகக் கழன்று என் மடியில் விழுந்தது, மேலே உள்ளது அத்தனையும் ஊசியில் பத்திரமாக நின்றது.

அந்த வளையத்தையும் ஊசியில் நின்ற மேல்பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. நீ அடியிலிருந்து மேலே பின்னிக்கொண்டு போயிருக்கிறாய் அல்லவா, முதல் வரிசைகள் எல்லாம் கழுத்தை நெரித்த மாதிரி இறுக்கம், ஊசிகூட நுழையவில்லை. நடுவில் ஓரிடத்தில் அவிழ்த்து மறுபடி போட்ட தழும்பு இருக்கிறது. வயிற்றைத் தாண்டினால் கை கொஞ்சம் இளகுகிறது, மார்புக்கு வரும்போது எல்லாக் கண்ணியும் ஒரே சீர், தோளில் அப்படியே தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கிறது. நீ ஆரம்பத்தில் என்ன பாடுபட்டாய், எப்போது அந்தச் சிகரெட் சனியன் உன்னை விட்டது என்று நான் தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நீ நர்ஸ் படிப்பில் தேறியபோதுகூட எனக்கு இவ்வளவு கர்வம் வரவில்லை. அவ்வளவு இறுக்கமாக இருந்தும் நடுவில் தூக்கி எறியாமல் மேலே போனாய் பார், அதற்குத்தான்.

அந்த நூலை வீணாக்கவில்லை. பிரித்து, சிட்டமாக, வளையம் வளையமாகச் சுற்றி, வெந்நீரில் நனைத்து, கீழே பாரம் கட்டித் தொங்கவிட்டதும் சுருள் போய் நீண்டுவிட்டது. அதே நூலால் நான் கீழ்நோக்கிப் பின்னினேன். முன்பக்கம் இடுப்போடு நிற்கும்படி குட்டை, முதுகில் குளிர் ஏறாமல் இருக்கப் பின்பக்கம் கொஞ்சம் நீளம், சக்கரத்தில் மாட்டாமல் இரண்டு பக்கமும் பிளவு. ஒரு பிளவு மேலே ஏறிப்போய் கோணல்வாயாக இருந்தது, அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார், பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். இப்போது அவர் உட்கார்ந்தால் சட்டை மாதிரி பாந்தமாக உட்காருகிறது.

முக்கியமானது இனிமேல்தான். அப்பாவின் ஆபீசில் ஒரு கிளார்க்குக்குப் பிரிவுபசாரக் கூட்டம். நாற்காலிக்கு வந்த பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை, கூப்பிட வருபவர்களிடம்கூட நான்தான் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்புவேன். அன்று அவரே தலை வாரிக்கொண்டு, "தள்ளிட்டு வரியா, இல்ல நானே உருட்டிக்கவா?" என்கிறார். போனோம். எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். மேனேஜரின் மனைவி எந்தக் கடை என்று கேட்டாள். அப்பா ஹால் முழுக்கக் கேட்கிற குரலில், "கடையில கிடைக்காது, என் பையன் பின்னினது, ஓரம் மட்டும் என் வீட்டுக்காரி" என்றார். கூட வேலை பார்த்த ஒருவர், வெடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், எதற்கெடுத்தாலும் வெடிச்சிரிப்பு, அவர் "ஆம்பளப் பையனுக்கு ஏம்ப்பா இந்த வேலை?" என்று ஆரம்பித்தார். அப்பா அவருடைய சட்டைப்பையில் தெரிந்த சிகரெட் பாக்கெட்டைக் காட்டி, "என் பையன் இதப் பின்னித்தான் சிகரெட்ட விட்டான். நீ அந்தப் பாக்கெட்ட இப்பக் கீழ போடு, அப்புறம் ஆம்பளையப் பத்திப் பேசலாம்" என்றார். ஹாலே சிரித்தது. வெடி மட்டும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, காபியை ஆறவிட்டுக்கொண்டே, "தம்பி எப்படி விட்டான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றார் பாவம். அவருக்கு நீ இரண்டு வரி எழுது, கேலி செய்யாமல் எழுது. அத்தையும் தனக்கொன்று வேண்டும் என்கிறாள், நீல நிறமாம், லேபிள் வேண்டாமாம்.

கூட்டம் முடிந்து வரும்போது நான் வழக்கம்போல் யார் கண்ணிலும் படாமல் நாற்காலியைப் பின்சந்தில் திருப்பினேன். "கடைத்தெரு வழியாப் போ, என்ன அவசரம்" என்றார் அப்பா.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும், உன் கையால் தேறும் நோயாளிகள் எல்லாரும் உன்னை வாழ்த்த வேண்டும். கைவிட்ட பழக்கம் நல்ல வேடம் போட்டுத் திரும்பி வரும், சலுகை காட்டாதே. காலுறை ஈரமானால் உடனே மாற்று. இன்னொன்று, மறந்துவிடாமல் உன் மார்பளவும், கழுத்திலிருந்து இடுப்பு வரை நீளமும் எழுதி அனுப்பு. எதற்கென்று கேட்காதே, நான் சொன்னேன் என்றும் காட்டிக்கொள்ளாதே. அப்பா இப்போது பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஊசி உரசும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா