செருப்பை ஒளித்த சங்கவி

செவ்வாய்க்கிழமை

எனக்கு வேலை கிடைத்துவிட்டது! கல்குடாவில், விசேட தேவையுடைய பிள்ளைகளைப் பராமரிக்கும் நிலையத்தில். அதுவும் சம்பளத்தோடு.

பொறுப்பாளர் டீச்சர் முதலில் கேட்டது சான்றிதழைத்தான்.

"இல்ல டீச்சர். குவைத்தில ஒரு வீட்டில, பேச்சு வராத புள்ளய அஞ்சு வருசம் நான்தான் பாத்தன்" என்றேன்.

"சொல்லி அனுப்புறம்" என்றார். ஏற்கெனவே மூன்று இடங்களில் கேட்ட பதில். இதுவும் இல்லையென்றால் அடுத்த மாதம் திரும்பவும் குவைத்துதான். மகளிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தபடி வெளியே வந்தேன்.

வாசலில் என் செருப்பைக் காணவில்லை. தூணுக்குப் பின்னால் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் விடவில்லை. பூச்சாடிக்குள் தேடினேன், என் கைப்பைக்குள் தேடினேன், அவள் காதுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். அவள் தரையில் உருண்டு சிரித்தாள். பஸ் போனதுகூடத் தெரியவில்லை.

நிமிர்ந்தால் டீச்சர் நிற்கிறார்.

"சங்கவி தனக்குப் புடிச்ச ஆக்கள்ற செருப்பத்தான் ஒளிப்பாள். என்ட செருப்ப ஒருநாளும் தொட்டதில்ல" என்றார். பிறகு, "திங்கக்கிழமை வாறீங்களா?"

"நாளைக்கே வாறன் டீச்சர்!"

செருப்பு கிடைக்கவேயில்லை. நிலையத்தின் குளியலறைச் செருப்போடு ஓட்டமாவடியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மகள் என் காலைப் பார்த்துச் சிரித்தாள். விசயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அப்ப நீங்க குவைத்துக்குப் போகல்லயா, உம்மா?"

"போகல்ல மகள்."

மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் சொன்னேன். அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.