ஒரு ஏணி நீளம் குறைந்த கயிறு

திண்ணனூர் நாடு,
12.02.2024

அன்புள்ள வித்யா அம்மிணிக்கு,

காளியண்ணன் எழுதுவது. நானும் மாதம்மாளும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. எட்டு நாளாக அப்படி எழுத முடியவில்லை. நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. கல்லூரியில் வேலை நெருக்கடியாக இருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை தேர்வு மேற்பார்வைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் நின்றுவிட்டு, உங்கள் வீட்டிலிருந்த கயிற்றைப் பிரேமிடம் கொடுத்து அனுப்பினீர்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பாறைக்குப் போனோம். அவர் ஏற, நான் கீழே நின்று கயிறு பிடித்தேன். பாறை இருபத்தெட்டு மீட்டர், உச்சி வளையத்தில் மாட்டி ஆளை இறக்க அதில் இரு மடங்கு, ஐம்பத்தாறு வேண்டும், கயிறு அறுபது. அவர் உச்சியைத் தொட்டபோது, கயிற்றின் நடுவில் நாம் போட்டிருக்கும் கறுப்பு அடையாளம் இன்னும் என் கைக்கு வரவில்லை. அது வராவிட்டால் ஆளை இறக்கக் கயிறு போதும் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். இறக்கினேன். தரைக்கு நாலு மீட்டர் இருக்கும்போது கயிற்றின் வால் என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. பிரேம் கல்லின் மேல் விழுந்தார். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

வாலில் நான் முடிச்சுப் போடவில்லை. போட்டிருந்தால் கயிறு அங்கேயே நின்றிருக்கும். அது என் தப்பு, யார் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் அறுபது மீட்டர் எப்படிப் பற்றாமல் போனது?

நேற்று நம் பாறையேறும் குழுவின் செயலாளர் அர்த்தனாரி டாக்டர் சோளக்காட்டுக்கு வந்து, என்னை டீக்கடைக்கு வரச் சொல்லி விபத்து அறிக்கையை எழுதினார். பெயர், படிப்பு, தொழில். அவர் பல் டாக்டர், பிரேம் மாட்டு டாக்டர், நீங்கள் இயற்பியலில் டாக்டர். என் பெயருக்கு எதிரே ‘பத்தாம் வகுப்பு தோல்வி, மிளகு பறிப்பு’ என்று எழுதினார். நாம் எப்போதும் சொல்லிச் சிரிக்கிற விஷயம்தான். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. “படிச்சவங்க யாராச்சும் கயிறு புடிச்சிருந்தா இது நடந்திருக்காதுங்க காளியண்ணா” என்றார். மார்ச் பத்தாம் தேதி கூட்டம் போட்டு முடிவு செய்வார்களாம். அதுவரைக்கும் என் வழிகாட்டி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

மிளகு ஏணியில் நாலாவது படிக்கு மேல் எனக்குக் கால் நடுங்குகிறது. பறிக்க ஆளில்லாமல் மிளகு பழுத்துக் கொட்டுகிறது. நான் கணக்கில்தான் தோற்றவன். நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். தவறியது என் கைதான் என்றால் அட்டையும் வேண்டாம், பாறைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

உங்கள் கயிற்றைப் பிடிக்கும்,
காளியண்ணன்

---

நாமக்கல்,
17.02.2024

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனை எடுக்காததற்கு மன்னியுங்கள். தேர்வுத்தாள் மலைபோல் கிடக்கிறது. அதோடு துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. இந்த மாதம் முழுக்க நேர்முகமும் கூட்டமுமாக அலைகிறேன்.

நீங்கள் இவ்வளவு மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். பாறை ஏறுகிறவர்களுக்கு விபத்து புதிதா? கயிறு எங்காவது இடுக்கில் வளைந்து கிடந்திருக்கலாம், அடையாளம் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். அந்த நேரத்தில் நடந்ததை இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது? அர்த்தனாரி சாரிடம் நான் பேசுகிறேன். அவர் காரணமாக எழுதியிருக்கும் ‘கல்வியறிவின்மை’ என்பதை எடுத்துவிட்டு ‘அனுபவக் குறைவு’ என்று போடச் சொல்கிறேன். ஒரு வருஷம் போனால் அட்டையைத் திரும்ப வாங்கிவிடலாம்.

கயிறு உங்களிடம்தான் இருக்கிறது என்று பிரேமின் மனைவி கவிதா சொன்னாள். அதை யாரிடமும் கொடுக்க வேண்டாம், அளந்து பார்க்கிறேன் என்று பிரிக்கவும் வேண்டாம். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். பிரேமையும் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். மாதம்மாள் அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வித்யாஸ்ரீ

---

திண்ணனூர் நாடு,
27.02.2024

வித்யா அம்மிணிக்கு,

அறிக்கையில் என் ஆறு வருஷ அனுபவத்தைக் குறைக்கப் பார்த்ததற்கு நன்றி. பத்தாவது தோற்றது உண்மை, அது அப்படியே இருக்கட்டும்.

அந்தக் கயிற்றைப் பிரேம் விழுந்த அன்றைக்குச் சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றியவன்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அளக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் அளக்க வேண்டாம் என்று எழுதிய பிறகுதான் தோன்றியது. பிரேமைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் கயிற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் மிளகு ஏணி, ஒற்றை மூங்கில், சரியாக எட்டு மீட்டர். போன வருஷம் நீங்களே டேப் வைத்து அளந்து சொன்னீர்கள். களத்தில் ஏணியைப் படுக்கப் போட்டு, கயிற்றை அதன் மேல் பிடித்து அளந்தேன். மாதம்மாள் மறுமுனையைப் பிடித்தாள். அறுபது மீட்டர் என்றால் ஏழரை ஏணி வர வேண்டும். ஆறரைதான் வந்தது. கறுப்பு அடையாளத்துக்கு ஒரு பக்கம் மூணே முக்கால் ஏணி, மறுபக்கம் ரெண்டே முக்கால். நடு, நடுவில் இல்லை. குறைந்த பக்கத்து முனை தீயில் உருக்கி, மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறது. உங்கள் தண்ணீர் பாட்டிலிலும் பையின் பட்டையிலும் சுற்றியிருப்பது அதே டேப்.

வேறு யாராவது வெட்டியிருந்தால் சொல்லுங்கள், உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மாதம்மாள் மிளகு கொண்டுபோனாள். மாட்டு டாக்டரைக் கீழே போட்டவன் வீட்டு மிளகா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பிரேம் வைத்தியம் பார்க்காத மாடு அந்தப் பக்கம் ஏது? கோபம் வரத்தானே செய்யும். வந்ததிலிருந்து, “அந்த அம்மிணி ஊட்டுக்கே போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க” என்று நச்சரிக்கிறாள். நான் போகப் போவதில்லை.

பத்தாம் தேதிக் கூட்டத்துக்கு நான் வரவில்லை. கயிற்றையும் கொண்டுவரவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் கொண்டுவந்து காட்டினால் பத்தாவது தோற்றவன் பழியைத் தள்ளிவிடுகிறான் என்பார்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள். சொல்வீர்களா மாட்டீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

காளியண்ணன்

---

நாமக்கல்,
12.03.2024

அண்ணா,

நான்தான் வெட்டினேன். ஜனவரி கடைசியில். முனை நைந்திருந்தது, எப்படியும் கொஞ்சம் வெட்ட வேண்டியதுதான். கயிறு எத்தனை பாரத்தில் அறும் என்று இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி இயந்திரத்தில் இழுத்துக் காட்டும் ஆசையில் எட்டு மீட்டராக வெட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். புது நடுவில் அடையாளம் போடக் கறுப்பு மை தேடினேன், கிடைக்கவில்லை, நாளைக்கு என்று விட்டேன். பிரேம் விடிகாலையில் வந்து வாங்கிக்கொண்டு போனபோது தேர்வுக்குக் கிளம்பும் அவசரம். நினைவே வரவில்லை. விழுந்த சேதி வந்த மதியமே எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. உங்கள் போனை எடுக்காததற்குக் காரணம் அதுதான்.

உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். அறிக்கையைச் சுற்றுக்கு விட்டார்கள். ‘உள்ளூர் ஆளின் கவனக்குறைவு’ என்றிருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன் அண்ணா. இதை உங்களிடம் மறைக்க முடியாது.

அங்கிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரேம் படுத்தபடியே, “காளியண்ணன் ஊட்டு மாடு கன்னு போட்டுதுங்களா? போன மாசம் பாத்தப்பவே வயிறு ஒரு பக்கமா இருந்துச்சு, எனக்கு ஒரே கவலை” என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, “இத எனக்கு முன்னாடி அவருக்கல்லோ சொல்லியிருக்கோணும்” என்றார்.

நேற்று அர்த்தனாரி சார் வீட்டுக்குப் போய் என் கையெழுத்தை அடித்துவிட்டு, வேறு படிவம் நானே நிரப்பினேன். நகல் இதோடு இருக்கிறது. காரணம் என்ற இடத்தில், ‘குழுவின் கயிற்றை எட்டு மீட்டர் வெட்டி, யாருக்கும் சொல்லாமல் விட்டவர்: முனைவர் வித்யாஸ்ரீ, இயற்பியல் உதவிப் பேராசிரியர்’ என்று எழுதியிருக்கிறேன். பட்டம் எதற்கு என்று சார் கேட்டார். காளியண்ணன் பெயருக்கு எதிரே எழுதினீர்களே என்றேன். கல்லூரி முதல்வரிடமும் சொல்லிவிட்டேன். துறைத் தலைவர் பதவி வேறு ஒருவருக்குப் போகிறது.

எழுந்து நடந்ததும் மூன்று பேரும் பழையபடி பாறைக்குப் போக வேண்டும் என்கிறார் பிரேம். அப்போது என் கயிற்றை நீங்கள் பிடிப்பீர்களா?

வித்யா

---

திண்ணனூர் நாடு,
24.03.2024

அன்புள்ள வித்யா அம்மிணிக்கு,

மாடு கன்று போட்டுவிட்டது. பிரேம் பயந்தபடியே தலை திரும்பியிருந்தது. மாதம்மாள் சிக்னல் கிடைக்கும் மேட்டில் போனோடு நிற்க, அவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் அங்கிருந்து கத்தக் கத்த, நான் கையை விட்டுத் திருப்பினேன். காளைக் கன்று. தாயும் நலம். இதைப் படிப்பு என்ற இடத்தில் எழுதிக்கொள்ளலாமா என்று பிரேமைக் கேட்டேன். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று திட்டினார்.

அட்டையை அர்த்தனாரி டாக்டரே கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. எப்போது வந்தாலும் என் பல்லைச் சும்மா பார்த்துத் தருவதாகச் சொன்னார். எனக்குப் பல்வலி இல்லை என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் ஏணியில் உச்சிப் படி வரை ஏறிவிட்டேன். கால் நடுங்கவில்லை.

உங்கள் மேல் இருந்த கோபம் அந்த நகலைப் படித்ததுமே தீர்ந்துவிட்டது. நீங்கள் இழந்தது பெரிது, அதுவும் எனக்குத் தெரியும். மாதம்மாளுக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் உங்கள் கயிற்றைப் பிடிக்க மாட்டேன் அம்மிணி. கயிற்றை வெட்டியதற்காக இல்லை. மறதி யாருக்கும் வரும், நானும்தான் முடிச்சை மறந்தேன். ஆனால் நான் கணக்குக் கேட்டு எழுதியபோது விடை உங்கள் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, அடையாளம் என் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்று எழுதினீர்கள். நானும் அதை நம்பிப் பத்து நாள் ஏணியடியில் நின்று நடுங்கினேன். இனி உங்கள் கயிறு கைக்கு வந்தால் ஒவ்வொரு தடவையும் அளந்து பார்க்கத்தான் தோன்றும். அந்தச் சந்தேகத்தோடு ஒரு ஆளை மேலே அனுப்பக் கூடாது. பிரேம் எழுந்ததும் நானும் அவரும் போவோம். நீங்கள் வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்றை நாளைக் காலை சோளக்காட்டிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன், நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய அடையாளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஏணி வைத்து அளந்து சரியான நடுவில் புதிதாகப் போட்டிருக்கிறேன். வாலில் முடிச்சும் போட்டிருக்கிறேன். உங்களுக்குக் கயிறு பிடிக்க வருகிறவர் யாராக இருந்தாலும், அதை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காளியண்ணன்