செதில் நோட்டின் பின்பக்கம்

ஆவணி 16, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நாலு சாக்கு செதில் கம்பெனி லாரியில் ஏற்றியாயிற்று. கட்லா, ரோகு மட்டும். பாகூர் மார்க்கெட்டில் நானும் ஜெயக்கொடி அக்காவும் மேரியும் மீன் ஆய்ந்து மூன்று வாரமாகச் சேர்த்தது. இத்தனை வருஷம் சாக்கடையில் தள்ளிவிட்ட சாமான். இப்போது லாரி வைத்து வாங்குகிறார்கள். அதிலிருந்து ஏதோ பவுடர் எடுப்பார்களாம். கொலாஜன். மேரிக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. கோலாச்சி என்கிறாள்.

கம்பெனி ரேவதி மேடம் இந்த நோட்டைக் கொடுத்தார். சின்னப் பெண்தான், இருந்தாலும் மேடம். என்ன மீன், எந்த ஏரி, யார் ஆய்ந்தது, எப்படிக் கழுவியது, எங்கே காயவைத்தது, எல்லாம் எழுத வேண்டும். வெளிநாட்டில் வாங்குகிறவன் கேட்கிறானாம். மூன்று பேரில் ஐந்தாவது வரை போனது நான்தான். அதனால் நோட்டு என்னிடம்.

முன்பக்கம் கம்பெனிக்கு. பின்பக்கத்திலிருந்து எனக்கு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். வீட்டில் பேச ஆள் இல்லை. எழுதினால் யாரிடமோ சொன்ன மாதிரி இருக்கிறது.

ராத்திரிக்கு: பழையது, சுட்ட கருவாடு.

ஆவணி 17, வியாழன்

சென்னையிலிருந்து அண்ணன் போன்.

"பொரட்டாசி பொறந்துட்டா வூடு மாறக் கூடாதும்மா. ஆவணி முப்பத்தொண்ணு குட்டியானை வண்டி எடுத்துனு வரேன். சாமானெல்லாம் கட்டி வை."

"வேல கெடச்சா இங்கியே இருந்துக்கறேண்ணா."

"மீன் செதிலு ஒரு வேலயா? தனியா கெடந்து இன்னா பண்ணுவ?"

நல்ல மனசுதான். அங்கே அண்ணிக்கு ஒத்தாசையாக இருக்கலாம், மூன்று வேளை சோறு, டிவி. எல்லாம் சரி. ஆனால் இந்த வீட்டை ஒரு தடவை பூட்டினால் மறுபடி வந்து திறக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும்.

மேடம் சொன்னது இது: சரக்கு தேறினால் பாகூர், வில்லியனூர் மார்க்கெட்டுகளில் செதில் சேகரிக்கிற வேலை எனக்கு, மாதச் சம்பளம். தேறாவிட்டால் அண்ணன் வண்டி.

ஆவணி 20, ஞாயிறு

வெயில். மார்க்கெட்டில் சுமாரான கூட்டம். நாங்கள் செதில் சீவுவதைப் பார்க்க மேடம் வந்தார். சோடா மூடி அடித்த கட்டையைக் கையில் வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டார்.

டீக்கடையில் உட்கார்ந்து நிறைய சொன்னார். எழுதி வைக்கிறேன்.

"முன்னல்லாம் மாட்டு எலும்பு, மாட்டுத் தோலுலதான்க்கா எடுப்பாங்க. இப்ப மீனுலதான் வேணும்னு கேக்கறாங்க. மாடு தின்னாதவங்க, பன்னி தின்னாதவங்க எல்லாரும் வாங்கலாம் இல்ல."

"எதுக்காவுது அது?" என்றாள் ஜெ. அக்கா.

"முட்டி வலிக்கு, முடிக்கு, தோலு மினுமினுன்னு ஆவறதுக்கு. முன்ன வயசானவங்கதான் மாத்திரையா வாங்குவாங்க. இப்ப காலேஜ் பொண்ணுங்க வாங்குது. டப்பா கூட வேணாம், ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட்டு. க்ரீம்லயும் போடறாங்க."

"மெய்யாலுமே கேக்குதா?"

"வாங்கறவங்க கேக்குதுன்னு சொல்றாங்கக்கா. நான் குடிச்சதில்ல."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

பையிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஜெ. அக்கா உடனே தன் டீயில் கொட்டிக் கலக்கிவிட்டாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேரியிடம் மூஞ்சியைக் காட்டினாள். "இன்னாடி, எதுனா தெரியுதா?"

"மீச தெரியுதுக்கா."

எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு. அவர் போனதிலிருந்து இன்றுதான். மீன் வாங்க வந்த ஒரு அம்மா என்னையே பார்த்தாள். புருஷன் போனவளுக்கு என்ன சிரிப்பு என்கிற பார்வை. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். ஜெ. அக்கா விடவில்லை: "மீன வாங்கனயா, போயினே இரு. அவ சிரிச்சா உனுக்கு இன்னா?"

அப்புறம் மேடத்திடம் திரும்பி, "பொரட்டாசியில கவுச்சி தொடாதவ இத குடிக்கலாமா மேடம்?"

"அத எங்க ஆபீஸ்ல யாரும் கேக்கவே இல்லக்கா!"

கிளம்பும்போது சொன்னார், இப்போது வாங்குகிறவர்களுக்கு வாடையே வரக் கூடாதாம், தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் கரைய வேண்டுமாம், செதில் வெள்ளை வெளேர் என்று இருந்தால்தான் எடுப்பார்களாம்.

வெள்ளை வெளேர். நாங்கள் அனுப்பிய நாலு சாக்கும் கண்முன் வந்தது.

ஆவணி 21, திங்கள்

சாக்கு திரும்பி வந்துவிட்டது. நாலும்.

மேடம் ஒன்றை அவிழ்த்துக் காட்டினார். ஒரே மஞ்சள். கொன்றைப்பூ மாதிரி.

"யாருக்கா மஞ்சத்தூள் போட்டது?"

நான்தான். நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்: மூன்று தண்ணீர் கழுவி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, மறுபடி இரண்டு தண்ணீர். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மீன் என்றால் மஞ்சள் போடாமல் எப்படிக் கழுவுவது? வெளிநாட்டுக்காரர்கள் வாயில் போகிற பொருள், கவுச்சி போகட்டும், நம் ஊர் பெண்கள் சுத்தம் இல்லை என்று பேர் வரக் கூடாது என்றுதான் இரண்டு பாக்கெட் மஞ்சள் கடையில் வாங்கிப் போட்டேன்.

"தப்பு என்னுது மேடம். இவங்களுக்குத் தெரியாது."

சாயமும் உப்பும் ஏறிய செதிலை இனி ஒன்றும் செய்ய முடியாதாம். மேனேஜர் எங்களை விட்டுவிடலாம் என்றுதான் சொன்னாராம். பிறகு மேடம் போட்டோ எடுத்துப்போன நோட்டின் முன்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். மற்ற ஊர்களிலிருந்து வந்த சரக்கில் என்ன கோளாறு என்றே கண்டுபிடிக்க முடியவில்லை, இவர்கள் செய்த தப்பையும் எழுதி வைத்திருக்கிறார்கள், இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கள் என்றாராம்.

ஒரே ஒரு தடவை. இரண்டு சாக்கு போதும். 30ஆம் தேதி புதன்கிழமை லாரி. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு.

மேடம் போன பிறகு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் மூன்று பேர் உழைப்பும் போயிற்று. ஜெ. அக்கா சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏண்டி தனம், மீனுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தனியே, சீர்ப் பொடவ யாருடி எடுத்தாந்தது?"

மேரி தரையில் உட்கார்ந்துவிட்டாள் சிரித்து.

ஆவணி 23, புதன்

வேலைகள்:
வில்லியனூர் மார்க்கெட்டில் மீன் ஆய்கிறவர்களிடம் சொல்ல வேண்டும் (மேரி).
புதுக் கூடை நாலு.
கடல் மீனும் ஏரி மீனும் கலக்கக் கூடாது. துடுப்பு, முள், தோல் கூடாது.
உப்பு கூடாது.
ம. கூடாது.

ஜெ. அக்கா வந்து என் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து மஞ்சளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "லாரி போறவரைக்கும் எங்க வூட்டுல இருக்கட்டும். உன் கைய நம்ப முடியாது." இன்றைக்குச் சாம்பார் சாம்பல் நிறம். தின்றேன்.

ஆவணி 27, ஞாயிறு

அப்பாடா. கை விரல் மடங்கவில்லை. இரண்டு வரிதான் எழுத முடியும் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

இனி ஒரு மாசம் கவுச்சி கிடையாது என்று ஊரே மார்க்கெட்டில். விடிவதற்கு முன்னாலேயே வரிசை. வேல்ராம்பட்டுக்கு மீன் வாங்கப் போகிறவன்கூட இங்கே வண்டியை நிறுத்தி வாங்குகிறான். கட்லா கட்லா கட்லா. செதில் தலையில், காதில், ரவிக்கைக்குள். ஜெ. அக்கா புருவத்தில் ஒன்று ஒட்டி மினுக்கியது. அப்படியே இரு, நடிகை மாதிரி இருக்கிறாய் என்றேன்.

ஒருத்தர் நல்லவாட்டுக் கடற்கரையிலிருந்து சங்கரா மீன் கொண்டுவந்து இங்கேயே ஆய்ந்து தரச் சொன்னார். சிவப்புச் செதில் பறந்து எங்கள் கூடையில். உட்கார்ந்து பொறுக்கினேன், ஒவ்வொன்றாக. அரை மணி.

பதினோரு மணிக்கு மேரி வில்லியனூரிலிருந்து இரண்டு கூடையோடு பஸ்ஸில். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டானாம். இவள் சொன்னாளாம், "நாளைக்கு உன் பொண்டாட்டி மூஞ்சில பூசிக்கப் போற சாமான்பா. இப்பவே பழகிக்கோ." பஸ்ஸே சிரித்ததாம். டிக்கெட் போட்டானா என்று கேட்டேன். கூடைக்கும் சேர்த்துப் போட்டானாம்.

வெறும் தண்ணீர். ஆறு தடவை கழுவினோம். ஜெ. அக்கா என் பக்கத்திலேயே நின்றாள், காவலுக்கு.

ஆவணி 28, திங்கள்

மழை. வேறு நாளே கிடைக்கவில்லை அதற்கு.

காலையில் ஜெ. அக்கா மாடியில் பரப்பினோம். பத்து மணிக்குக் கருக்கிக்கொண்டு வந்தது. அள்ளிக்கொண்டு ஓடி என் வீட்டுக் கூடத்தில் கொட்டினோம். ஃபேன் இருக்கிறது. ஆனால் வெறும் தரையில் போட்டால் அடியில் ஈரம் நிற்கும், வெள்ளை போய்விடும். வலை வேண்டும். மழையில் எந்தக் கடைக்குப் போவது?

வலை வீட்டிலேயே இருந்தது. அவருடைய கொசுவலை. வலை இல்லாமல் தூங்க மாட்டார், கொசு என்னை மட்டும்தான் கடிக்கிறது, உன் ரத்தம் கசப்பு என்பார். நாலு மூலை ஆணியில் கட்டினது கட்டினபடியே இருந்தது. சுருட்டி மேலே போட்டு வைத்திருந்தேன். ஐந்து மாதமாக நான் அதைத் தொடவில்லை.

ஜெ. அக்காவும் அதைப் பார்த்தாள். மேரி வேறு பக்கம் திரும்பி, "எங்க வூட்டுல பழைய பொடவ இருக்குதுக்கா, எடுத்தாரட்டுமா?" என்றாள்.

நான் ஸ்டூல் போட்டு ஏறினேன். மூன்று முடிச்சு அவிழ்ந்தது. நாலாவது அவர் போட்டது, இழுக்க இழுக்க இறுகுகிற நாய் முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தேன். தூசி. கொஞ்சம் அழுதேன், ஸ்டூல் மேலேயே. இறங்கின பிறகு அழுகை வரவில்லை. வலையை அலசிப் பிழிந்து, நாலு நாற்காலியில் இழுத்துக் கட்டி, செதிலைப் பரப்பினோம். கீழிருந்து ஒரு ஃபேன், மேலே ஒன்று. காய்ந்த செதில் வலைமேல் மல்லிகை கொட்டினது மாதிரி கிடந்தது. அவர் இருந்திருந்தால், என் வலையில் மீனைத் தூங்கவைக்கிறாயா என்று கேட்டிருப்பார். இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் சிரித்தோம்.

ஆவணி 30, புதன்

வெயில் நல்ல வெயில். நேற்று முழுக்க மாடியில். அள்ளினால் சலசலவென்று சத்தம்.

மேடம் ஒரு கை எடுத்து முகர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கம்பெனி லேபில் சோதித்துத்தான் சொல்வார்களாம். நாளைக்குப் போன் வரும். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறாள் மேரி. ஜெ. அக்கா மூலநாதருக்கு அர்ச்சனை. நான் ஒன்றும் நேரவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்தேன்.

ஆவணி 31, வியாழன்

ஒன்பது மணிக்கு அண்ணன் வண்டி. கூடவே இரண்டு ஆள். ஆறு மணிக்குள் சென்னையில் சாமான் இறங்க வேண்டும், புரட்டாசி பிறக்கும் முன்னால்.

போன் வரவில்லை. பாத்திரம் ஏறியது. கிரைண்டர் ஏறியது. ஜெ. அக்கா வாசலில் நின்று ஏற்றுகிறவர்களைத் திட்டினாள், அடுத்த வாசலிலிருந்து மேரி அழுதாள். அண்ணனுக்கு டீ கொடுத்தேன். அண்ணி ஏதோ பவுடர் குடிக்கிறாளாம் முட்டி வலிக்கு, தேவலையாம். என்ன பவுடர் என்று கேட்டேன். கடல், அலை, வெள்ளைக்காரி படம் போட்ட டப்பா என்றார். நாளையிலிருந்து அண்ணி விரதமா என்று கேட்டேன். ஆமாம், ஏன் என்றார். சும்மா என்றேன்.

கடைசியாக பீரோ. நாலு பேர் பிடித்து, முதுகுத்தண்டு ஒடிய ஏற்றினார்கள். கயிறு போட்டு இறுக்கியாயிற்று. மணி பன்னிரண்டு பத்து. அப்போது மேடம் போன்.

"தனக்கா, சரக்கு பாஸ்! ரெண்டு சாக்கும்! நாளையிலேர்ந்தே வேலக்கா. பொரட்டாசி பூரா கொஞ்சமா வந்தாலும் எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

சரக்கு பாஸாம் என்றேன். ஜெ. அக்கா போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்தது. அண்ணன் வண்டி மேலிருந்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினார்.

"ண்ணா. பீரோவ எறக்கு."

"இப்பதானே ஏத்துனோம்!"

இறங்கிவந்து வண்டி ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். "தனியா இருந்துக்குவியா?"

நான் பதில் சொல்வதற்குள் ஜெ. அக்கா: "ஏன், நாங்கல்லாம் செத்தா போய்ட்டோம்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அண்ணனுக்கு.

இறக்கும்போது பீரோவை அது இருந்த இடத்துக்கே தூக்கிப் போனார்கள். வேண்டாம், எதிர்ச் சுவரில் வையுங்கள் என்றேன். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து வடக்கு ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. கொக்கி துருப்பிடித்துப் போயிருக்கிறது. அண்ணன் சுத்தியால் நாலு தட்டு தட்டினார். திறந்துகொண்டது. ஜெ. அக்கா வீட்டு எருமை தலையை உள்ளே விட்டுப் பார்த்தது.