நிரந்தர எண்

கும்மிடிப்பூண்டி

பாப்பாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன், பழகிவிடும். போனில் பேசலாமென்றால் உன் அம்மா பக்கத்திலேயே நின்று அழுகிறாள்.

நீ கண்டுபிடித்த கல் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றுகிறது, ஆறு வருஷம் பார்த்துப் பாதை உறுதியானதால் அதற்கு நிரந்தர எண் கொடுத்துவிட்டார்கள் என்றாயே, அதை மறுநாளே இரும்பு மில்லில் சொன்னேன். எபினேசர் மாமா உலைக்கு முன்னால் நின்று அப்படிச் சிரித்தார். "இன்னாப்பா இது? கல்லுகூட ஆறு வருஷத்துல பெர்மனென்ட் ஆயிடுச்சு. நாம இருபது வருஷமா கான்ட்ராக்டுலயே சுத்திக்கினு கீறோம்!"

அன்று மதியம் உலை வெடித்தது.

மாமாவை அடக்கம் பண்ணிவிட்டோம். அவர் பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லையாம். அப்படி ஓர் ஆள் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று மில்காரர்கள் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அதற்கு நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். எந்தக் கையால் போடட்டும் என்று கேட்டேன். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

கல்லுக்கு என் பெயரை வைக்கச் சொல்லி எழுதப்போவதாகச் சொன்னாய். வேண்டாம்மா. மாமாவின் பெயரைக் கொடு. அங்கேயாவது அவர் பெர்மனென்ட் ஆகட்டும்.

உன் நைனா