மூன்றாம் பாகத்தில் எங்கள் வீடு

ஐப்பசி, புதன் இரவு.

தேயிலை விலை விழுந்து மூடிய எங்கள் ஃபேக்டரியைப் பேய்ப் படம் எடுக்க வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இன்று மழைக்கு ஒதுங்கி, அந்தப் படத்தின் நடிகர் தோட்டத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்றார். டீ கொடுத்தேன்.

"இது முதல் பாகந்தான் அக்கா. டைரக்டர் ரொம்ப வருசம் முன்னாடியே மூணு பாகமும் எழுதி வெச்சுட்டார். மூணாவதுல இந்த லைன் வருது. வெளிய சொல்லிடாதீங்க."

"எங்க ஊடும் வருதுங்களா?"

"கடைசி வீடுதானே? வருது. அடுப்படிச் சுவர்ல குழந்தையோட உயரத்தைக் கரியால குறிச்சிருக்கும். வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க."

அவர் உள்ளே வரவே இல்லை. எங்கள் அடுப்படிச் சுவரில் மகளை நிறுத்தி அந்தக் கரிக்கோட்டைப் போன மாதம்தான் போட்டேன்.

"நாங்க எங்க போயிட்டோமுங்க?"

"அதை எங்களுக்கே இன்னும் சொல்லலைக்கா," என்றார். சிரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, திருப்பூருக்கே போய்விடலாமா என்று மறுபடி கேட்டார். நேற்றுவரை மாட்டேன் என்று சண்டை போட்டவள், இன்று சரி என்றேன். நாங்கள் போனாலும் வீடு காலியாகத்தான் கிடக்கும். ஆனால் போகாமல் இங்கேயே இருந்தால் அது எப்படிக் காலியாகும் என்று யோசிக்கத்தான் பயமாக இருக்கிறது.