வாசல் பொத்தானும் சமையலறை விளக்கும்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். நீ அனுப்பிய அந்த மலிவு விலை எஃப்.பி.ஜி.ஏ. போர்டை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று போனில் கிண்டல் செய்தாயே, இப்போது கேள். காய்ச்சலில் அம்மாவுக்குக் காது போனதிலிருந்து வாசல்மணி இருந்தும் இல்லாத மாதிரிதான். போன மாதம் நான் வெளியே போயிருந்தபோது சித்தி வந்து ஒரு மணி நேரம் மணியடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் கடைக்குக் கிளம்பினாலே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, வாசலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கதவையே பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

வாசலில் பொத்தானை அழுத்தினால் சமையலறையில் விளக்கு சிமிட்ட வேண்டும். அதற்கு ஒரு வயரும் பல்பும் போதுமே என்பாய். அழுத்தியவர் கையை எடுத்த பிறகும் அரை நிமிடம் சிமிட்ட வேண்டாமா? முன்வாசல் பொத்தானுக்கு நிதானமாக, பின்வாசல் பொத்தானுக்கு வேகமாகச் சிமிட்ட வேண்டும். மென்பொருளை இறக்கவே ஒரு பகல் போயிற்று. ஆனால் விஷயம் பிடிபட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாம் எழுதுவது கட்டளை இல்லையாம், சர்க்யூட்டாம். எழுதியபடி போர்டில் இருக்கிற சில்லே, அதுதான் அந்த சிப், மாறிக்கொள்கிறது, எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கிறது. முப்பது வருடம் லிஃப்ட் பேனலில் ரிலே சுவிட்சுகளோடு மாரடித்தவனுக்கு இது பழகிய வீடுதானே. நொடிக்கு இரண்டு கோடியே எழுபது லட்சம் தடவை துடிக்கிற கடிகாரத்தை எண்ணி எண்ணி ஒரு சிமிட்டல் வாங்கிவிட்டேன்.

உடனே போர்டைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி, சமையலறைக்கு ஓடி, போன் சார்ஜரில் செருகி, அம்மாவை நிறுத்திவைத்து, போர்டிலேயே இருக்கிற பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமே இல்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவால்ல விடுங்க, நான் நாற்காலியிலயே உக்காந்துக்கறேன் என்றாள். அப்புறம்தான் தெரிந்தது, நான் சில்லில் ஏற்றியது மின்சாரம் இருக்கிறவரை மட்டும் நிற்குமாம், நிரந்தரமாக நிற்க ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்ற வேண்டுமாம். ரிலே பேனலில் கரண்ட் போனாலும் வயர் கழன்றா விழும்? அந்த நினைப்பில் ஏமாந்துவிட்டேன். இந்த முறை ஃபிளாஷில் ஏற்றி, மூன்று தடவை பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்து, டப்பாவில் அடைத்து அடுப்புக்கு மேலே மாட்டினேன். இரண்டு வாசலுக்கும் தனி வயர் இழுத்துப் பொத்தான் வைத்தேன், பழைய மணியின் வயரைத் தொடவில்லை, பயப்படாதே.

நேற்றுக் காலை கடைக்குப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டுக் கிளம்பி, பத்து நிமிடம் தெருமுனையில் நின்றுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. கையில் கரண்டியோடு அம்மா. யாரோன்னு ஓடி வந்தா நீங்கதானா, அடுப்புல வேலையா இருக்கேன் என்று திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நாற்காலி சாப்பாட்டு மேசைக்கே திரும்பிவிட்டது.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை பார். எங்கள் ஆசீர்வாதம் உனக்கு என்றும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஊருக்கு வரும்போது வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்யாதே. பொத்தானை அழுத்து, அம்மா வந்து திறப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா